வார்டு இன்சார்ஜ்கள் ஏன் விலகுகிறார்கள்?

கேள்வி: நான் ஒரு மருத்துவமனையில் செவிலியர் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருக்கிறேன். கடந்த இரண்டு ஆண்டுகளில் எங்கள் வார்டு இன்சார்ஜ்களில் ஐந்து பேர் அந்தப் பொறுப்பை விட்டுவிட்டார்கள். மூவர் ராஜினாமா செய்தார்கள். இருவர் "இன்சார்ஜ் வேண்டாம், பழையபடி ஷிப்ட் பார்க்கிறேன்" என்று திரும்பிவிட்டார்கள். எல்லோருமே அருமையான செவிலியர்கள். சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டினோம், இரண்டு நாள் தலைமைப் பயிற்சி நடத்தினோம், மன அழுத்தம் குறைப்பதற்கு வகுப்பும் வைத்தோம். இப்போது அறுவைச் சிகிச்சை வார்டின் இன்சார்ஜும் கடிதம் கொடுத்துவிட்டார். 'குடும்பக் காரணம்' என்று மட்டும் எழுதியிருக்கிறார். "இந்தக் காலத்தில் யாருக்கும் பொறுப்பு எடுக்க மனமில்லை" என்கிறது நிர்வாகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவரை நிறுத்த முடியுமா? மற்றவர்களையாவது எப்படித் தக்கவைப்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்குத் தோன்றியதுதான் சரி. பொறுப்பு எடுக்க மனமில்லாதவர் இன்சார்ஜ் நாற்காலிக்கு வருவதே இல்லை. நோயாளியின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று கண்டுகொள்பவர், ஷிப்ட் முடிந்தும் அடுத்த ஆள் வரும்வரை நகராதவர், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாமலே கற்றுக்கொடுப்பவர் என்று தேடித்தான் நாம் இன்சார்ஜ் ஆக்குகிறோம். அப்படிப்பட்டவர்கள் வரிசையாகப் போகிறார்கள் என்றால், அவர்களிடம் என்ன குறை என்று கேட்கக் கூடாது. அந்த வேலையில் என்ன குறை என்றுதான் கேட்க வேண்டும்.

முதலில் அந்தக் 'குடும்பக் காரணம்' பற்றி. ராஜினாமா கடிதத்தில் எழுதத் தோதான காரணம் அது. யாரும் மேலே கேள்வி கேட்க மாட்டார்கள், யார் மனமும் புண்படாது, நல்ல பெயரோடு அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகலாம். அது பொய் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குடும்பத்துக்குள் சிக்கலைக் கொண்டுவந்ததே இந்த வேலையாக இருக்கலாம். சாப்பிடும் நேரத்திலும் போன், பிள்ளையின் பள்ளிக்கூட விழாவிலும் போன், விடுமுறை நாளிலும் "மேடம், நைட்டுக்கு ஆள் வரல, யாரைப் போடறது?" என்று போன். இதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் பார்த்த வீட்டார் ஒருநாள் "போதும்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதைத்தான் அவர் குடும்பக் காரணம் என்று எழுதுகிறார்.

உங்கள் இன்சார்ஜ் ஒருவரின் சாதாரண நாளை ஒருமுறை முழுதாக உடன் இருந்து பாருங்கள். மேற்பார்வைக்காகப் போகாமல், பார்ப்பதற்காக மட்டும் போங்கள். இரவு ஷிப்டிலிருந்து பொறுப்பை வாங்கும் காலை ஹேண்ட்ஓவர் முடிவதற்குள் ஒரு செவிலியர் உடம்பு சரியில்லை என்று சொல்லியிருப்பார். அந்த இடத்தை நிரப்ப நாலு பேருக்குப் போன். அதற்குள் ரவுண்ட்ஸ். ரவுண்ட்ஸில் ஒரு மருத்துவர், நேற்று எழுதிய பரிசோதனை ஏன் போகவில்லை என்று சத்தம் போடுவார். அப்புறம் படுக்கை ஒதுக்கீட்டுக் கூட்டம். கூட்டத்தில் இருக்கும்போது நோயாளியின் மகன் வார்டில் காத்திருப்பார், புகாரோடு. மருந்து இருப்புக் கணக்கு, தேவையான பொருட்களைக் கேட்டு எழுதும் இன்டென்ட், கெட்டுப்போன இன்ஃப்யூஷன் பம்ப் (சொட்டு மருந்து ஏற்றும் கருவி), தொற்றுத் தடுப்பு ஆடிட், முந்தின வாரம் நோயாளி ஒருவர் கீழே விழுந்ததற்கான அறிக்கை, அடுத்த மாத டியூட்டி சார்ட், அதில் லீவு கேட்டு ஏழு பேர், அதில் இருவருக்கு ஒரே நாள். ஆள் போதாததால் நடுவில் அவரே மூன்று நோயாளிகளையும் பார்த்துக்கொண்டிருப்பார். உட்கார்ந்து யோசித்துச் செய்ய வேண்டிய வேலை எல்லாம், மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் தொடங்கும்.

இதில் எந்த ஒரு வேலையும் அவரால் முடியாதது அல்ல. தன் வேலையை ஒருநாள்கூட ஒழுங்காக முடித்தோம் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போக முடியவில்லை என்பதுதான் அவரைத் தின்கிறது. செவிலியர் மேலாளர்கள் ஏன் நிற்கிறார்கள், ஏன் போகிறார்கள் என்று அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2013ல் வந்தது. கனடா ஆய்வாளர்கள் செய்தது. திரும்பத் திரும்ப வந்த காரணங்களில் இரண்டை உங்களுக்காக எடுத்துச் சொல்கிறேன். ஒன்று, நம்மை இங்கே மதிக்கிறார்கள் என்ற உணர்வு. இன்னொன்று, வேலையை முடிக்க நேரமே இல்லாமல் அது வீட்டு வாழ்க்கைக்குள் வழிவது. உங்கள் ஐந்து பேரிடமும் பேசினால் இவை இரண்டும் ஏதோ ஒரு வடிவில் வரும் என்று நினைக்கிறேன்.

சரி, பிரச்சினை வேலைப் பளு மட்டும்தானா? இல்லை. பளுவைத் தாங்குகிறவர்கள்தான் இவர்கள். கோவிட் காலத்தில் எப்படித் தாங்கினார்கள் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். என்னைக் கேட்டால், அவர்களை உடைப்பது கையில் அதிகாரமே இல்லாத பொறுப்பு.

ஒரு உதாரணம் சொல்கிறேன், எந்த மருத்துவமனையிலும் நடக்கக்கூடியது. இரவு ஷிப்டில் இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்று இன்சார்ஜ் எழுதிக் கேட்கிறார். பட்ஜெட் இல்லை என்று பதில் வருகிறது. இரண்டு மாதம் கழித்து இரவில் ஒரு நோயாளி கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிகிறது. விசாரணை வருகிறது. விளக்கம் கேட்டு வரும் கடிதம் யார் பெயருக்கு வருகிறது? ஆள் கேட்டு எழுதியவர் பெயருக்கே. இல்லை என்று சொன்னவர் அந்த அறையிலேயே இருப்பதில்லை. சரியானது எது என்று தெரிந்தும் நிறுவனத்தின் தடைகளால் அதைச் செய்ய முடியாமல் போகும்போது வரும் வேதனையை, செவிலியர் பணியை வைத்து 1984லேயே ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற தத்துவவாதி எழுதினார். அறம் சார்ந்த வேதனை என்றார். படுக்கை அருகில் நிற்கும் செவிலியருக்கு அது ஒரு நோயாளி விஷயத்தில் வரும். இன்சார்ஜுக்கோ வார்டில் இருக்கும் அத்தனை நோயாளிகள் விஷயத்திலும், அத்தனை செவிலியர்கள் விஷயத்திலும் வருகிறது.

இதோடு தனிமையும் சேர்கிறது. நேற்றுவரை ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் இன்று அவர் வந்தால் பேச்சை மாற்றுகிறார்கள். "அவங்க இப்போ மேனேஜ்மென்ட் ஆளு." மேலே கூட்டத்துக்குப் போனால், வார்டு ஆட்களுக்காகப் பேசுகிறார் என்று அங்கேயும் முகம் சுளிக்கிறார்கள். இரண்டு பக்கமும் அவர் தங்கள் ஆள் இல்லை என்கிறது. மனம் விட்டுப் பேச ஒரே தரத்தில் இருப்பவர்கள் மற்ற வார்டு இன்சார்ஜ்கள் மட்டும்தான். அவர்களோ படுக்கைக்கும் ஆளுக்கும் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்ட வேண்டிய நிலையில் இருக்கிறார்கள்.

நீங்கள் நடத்திய இரண்டு நாள் பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல எண்ணத்தோடு செய்திருக்கிறீர்கள். ஆனால் நல்ல செவிலியராக இருப்பதும் நல்ல இன்சார்ஜாக இருப்பதும் வேறு வேறு தொழில்கள். மாரடைப்பு வந்த நோயாளிக்கு முதல் இரண்டு நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பட்ஜெட் தாளைப் படிப்பது எப்படி, தொடர்ந்து தாமதமாக வரும் பழைய தோழியிடம் எப்படிப் பேசுவது, இரண்டு செவிலியர் சண்டையில் எதைக் கேட்பது எதை விடுவது, இவற்றை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இதையெல்லாம் இரண்டு நாள் வகுப்பில் கற்க முடியாது. முதல் ஓராண்டுக்கு வாரம் ஒருமுறை, அனுபவமுள்ள இன்னொரு இன்சார்ஜ் ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்து "இந்த வாரம் என்ன நடந்தது, நீ என்ன செய்தாய்" என்று கேட்டால் அதில்தான் கற்பார்கள். அந்த மூத்தவருக்கும் அந்த ஒரு மணி நேரம் வேலை நேரமாகக் கணக்கில் வர வேண்டும். இல்லையென்றால் மூன்றாவது வாரமே நின்றுபோகும்.

மன அழுத்த வகுப்பு பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019ல், தன் சர்வதேச நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பு தொடர்பாக, பணிச்சோர்வை விளக்கியது. அதை ஒரு நோயாக வைக்கவில்லை, பணியிடம் சார்ந்த நிகழ்வு என்றே வைத்தது. சரியாகக் கையாளப்படாத, நீண்டகாலப் பணியிட அழுத்தத்தால் வருவது என்று சொல்கிறது. அதாவது காரணம் பணியிடத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்று அந்த மனிதரிடம் சொல்லும்போது, தாங்க முடியாதது உன் பலவீனம் என்று மறைமுகமாகச் சொல்கிறோம். அதுவும் அவருடைய விடுமுறை நாளில் அந்த வகுப்பை வைத்தால் கேட்கவே வேண்டாம். விரும்புகிறவர்களுக்கு வகுப்பு இருக்கட்டும். அதைத் தீர்வு என்று மட்டும் எண்ண வேண்டாம்.

சம்பளம்? நீங்கள் கூட்டியது நல்லதே. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்சார்ஜ் ஆனதும் இரவு ஷிப்ட் படியும் ஓவர்டைமும் பல இடங்களில் நின்றுவிடும். அவர் உண்மையில் வேலை பார்க்கும் மணி நேரத்தால் சம்பளத்தை வகுத்து, அதே வார்டில் இருக்கும் மூத்த செவிலியரின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூத்த செவிலியருக்கு மணிக்கு அதிகம் வந்தால், அதை முதலில் சரிசெய்யுங்கள். சம்பளத்தால் மட்டும் யாரையும் நிறுத்த முடியாது. ஆனால் நியாயமில்லாத சம்பளம் நிச்சயம் துரத்தும்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். பத்து விஷயங்களை ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். முதலில் ஒரு தலையெண்ணிக்கை எடுங்கள். ஒவ்வொரு இன்சார்ஜுக்கும் கீழே எத்தனை பேர் என்று. படுக்கை எண்ணிக்கையை விடுங்கள், ஆட்களை எண்ணுங்கள். பகுதி நேரம், ஒப்பந்தம், உதவியாளர் எல்லாரையும் சேர்த்து. பகுதி நேரமாக வருபவரும் லீவு கேட்பார், சண்டை போடுவார், அழுவார், அவரையும் ஒரு முழு மனிதராகத்தான் கவனிக்க வேண்டும். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் டயன் டோரன் குழு 2004ல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் மிக முக்கியமானது. ஒரு மேலாளரின் கீழ் ஆட்கள் கூடக் கூட, அந்தப் பிரிவில் செவிலியர்கள் வேலையை விடுவதும் கூடியது. பத்துப் பேர் கூடினால் விலகல் விகிதம் 1.6 சதவீதம் கூடும் என்று கணக்கிட்டார்கள். அதைவிட முக்கியமான இன்னொன்றும் அதில் உண்டு. நல்ல தலைமைப் பண்புள்ள மேலாளர்களால் செவிலியருக்குக் கிடைக்கும் நன்மையும், ஆட்கள் எண்ணிக்கை கூடும்போது தேய்ந்துபோனது. எவ்வளவு திறமையான மனிதரானாலும் அளவுக்கு மீறிய கூட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது. இதை உங்கள் நிர்வாகத்திடம் அப்படியே சொல்லலாம்.

எண்ணிக்கை கூடுதலாக இருக்கும் வார்டுக்கு ஒரு துணை இன்சார்ஜ் போடுங்கள். பெயருக்கு ஒருவரைப் போட்டு, மற்ற செவிலியர்களைப் போல அவருக்கும் முழு நோயாளிப் பங்கு கொடுத்தால் பயனில்லை. வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் அவருக்கு நோயாளிப் பங்கு இல்லாமல் இருக்க வேண்டும், டியூட்டி சார்ட், புதியவர்களின் பயிற்சி போன்ற சில வேலைகள் முழுதாக அவருடையவையாக இருக்க வேண்டும். நாளைய இன்சார்ஜ் இங்கேதான் உருவாகிறார். திடீரென்று ஒரு திங்கட்கிழமை காலை ஒருவரைப் பிடித்து "இன்று முதல் நீ" என்று சொல்லும் நிலையும் வராது.

அடுத்தது எழுத்தர் வேலை. இன்சார்ஜ் ஒரு வாரம் செய்த வேலைகளை அவரையே குறித்துவைக்கச் சொல்லுங்கள். செவிலியர் படிப்பு இல்லாத ஒருவர் செய்யக்கூடிய வேலை எவ்வளவு என்று பாருங்கள். வருகைப் பதிவைக் கணினியில் ஏற்றுவது, இன்டென்ட் தட்டச்சு செய்வது, பழுதான கருவிக்காகப் பராமரிப்புப் பிரிவுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்வது, பயிற்சிச் சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்குவது. இரண்டு மூன்று வார்டுக்கு ஒரு எழுத்தர் போட்டாலே நிறைய நேரம் மிஞ்சும். இருக்கும் வழிகளிலேயே செலவு குறைந்தது இதுதான் என்பேன். ஏனோ இதைத்தான் எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள்.

போன் விஷயத்தில் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். வார்டுக்கு 24 மணி நேரமும் பொறுப்பு என்பதை, 24 மணி நேரமும் போன் எடுக்க வேண்டும் என்று நாம் புரிந்துவைத்திருக்கிறோம். வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்புகளை இன்சார்ஜ்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளட்டும். அன்றைக்கு முறை யாருக்கோ அவர் எல்லா வார்டுக்கும் பதில் சொல்லட்டும். இரவுக் கண்காணிப்பாளருக்கு ஆள் மாற்றவும், வெளியிலிருந்து ஆள் அழைக்கவும் எழுத்துபூர்வமான அதிகாரம் கொடுங்கள். அது இல்லாததால்தான் அவர் நடுராத்திரி இன்சார்ஜை எழுப்புகிறார். லீவில் போகும் இன்சார்ஜின் இடத்தில் யார் என்று பெயர் போட்டு வார்டில் ஒட்டுங்கள். நீங்களும் அந்த நாட்களில் அவரை அழைக்காதீர்கள். ஒரு சின்ன சந்தேகம்தானே என்று நீங்கள் அழைத்தால், விதி அன்றோடு முடிந்தது.

இப்போது அதிகாரம். 1977ல் ரோசபெத் மாஸ் கான்டர் என்ற சமூகவியலாளர், ஒரு நிறுவனத்தில் ஒருவர் பலத்தோடு வேலை செய்யத் தகவல், ஆதரவு, வளங்கள், வளரும் வாய்ப்பு ஆகிய நான்கும் கைக்கெட்ட வேண்டும் என்று எழுதினார். கனடாவில் ஹெதர் லாஷிங்கர் இதைப் பல ஆண்டுகள் செவிலியர்களிடம் சோதித்துப் பார்த்தார். இவை கிடைக்கும் இடத்தில் வேலைத் திருப்தி கூடுகிறது, சோர்வு குறைகிறது என்று அவருடைய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டின. உங்கள் இன்சார்ஜுக்கு இந்த நான்கில் எது இருக்கிறது என்று நேர்மையாகப் பாருங்கள். தன் வார்டின் பட்ஜெட் எவ்வளவு, அதில் எவ்வளவு செலவானது என்று அவருக்குத் தெரியுமா? அல்லது மீறிவிட்டது என்று மட்டும் சொல்லப்படுகிறதா? தன் வார்டுக்கு வரும் புதிய செவிலியரைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலில் அவர் உட்காருகிறாரா? ஆள் பற்றாக்குறையான நாளில், "இன்று இதற்கு மேல் நோயாளி எடுக்க முடியாது" என்று அவர் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறதா? குறைந்தபட்சம் உங்களுக்கு ஒரு போன் செய்து, பத்து நிமிடத்தில் ஒரு முடிவு வாங்க முடிகிறதா?

இன்னொன்று, கொஞ்சம் நெருடலாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். லீவு மறுக்கப்பட்ட செவிலியர் நேராக உங்களிடம் வந்து அழுதால், நீங்கள் மனமிரங்கி லீவு கொடுத்துவிடுவீர்களா? பல நல்ல மனம் கொண்ட தலைவிகள் கொடுத்துவிடுகிறார்கள். அன்றிலிருந்து அந்த வார்டில் இன்சார்ஜின் சொல் செல்லாது. அவர் முடிவு தவறு என்று தோன்றினால் அவரை அழைத்துப் பேசுங்கள், மாற்றுவதானால் அவரே மாற்றட்டும், செவிலியருக்கு அவரே சொல்லட்டும்.

1983ல் அமெரிக்க செவிலியர் அகாடமி வெளியிட்ட ஒரு ஆய்வு நம் தொழிலில் எல்லோரும் அறிந்தது. எங்கும் செவிலியர் பஞ்சம் இருந்த நேரத்தில், சில மருத்துவமனைகளில் மட்டும் ஏன் செவிலியர்கள் தங்கினார்கள் என்று 163 மருத்துவமனைகளைப் பார்த்து, 41ஐத் தேர்ந்தெடுத்தார்கள். காந்தம் போல ஈர்க்கும் மருத்துவமனைகள் என்று பெயர் வந்தது அதிலிருந்துதான். அங்கெல்லாம் செவிலியர் பிரிவின் தலைமை கண்ணுக்குத் தெரிந்தது, அணுக முடிந்தது, செவிலியர்கள் முடிவுகளில் பங்கெடுத்தார்கள். அந்தத் தலைமை இடத்தில் உங்கள் மருத்துவமனையில் இருப்பவர் நீங்கள். இன்சார்ஜ்கள் தங்குவதும் போவதும் பெரிய அளவில் அவர்களுக்கு நேர் மேலே இருப்பவரைப் பொறுத்தது. அதனால் மாதம் ஒருமுறை ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் தனியாக உட்காருங்கள். வார்டு அறிக்கை கேட்பதற்கு அல்ல அந்த அரை மணி. "இந்த வேலையில் எது உங்களை நிறுத்தி வைத்திருக்கிறது? போன மாதம் எப்போதாவது விட்டுவிடலாம் என்று தோன்றியதா, அன்று என்ன நடந்தது? நான் ஒரு விஷயத்தை மாற்ற முடியும் என்றால் எதை மாற்றச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். ராஜினாமா கொடுத்த பிறகு கேட்கும் கேள்விகளை, இருக்கும்போதே கேட்க வேண்டும். கேட்ட பிறகு ஒன்றையாவது சீக்கிரம் செய்துகாட்டுங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டால், கேட்காமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும்.

பழையபடி ஷிப்டுக்குத் திரும்பிய அந்த இருவரிடமும் அவசியம் பேசுங்கள். அவர்களுக்கு இனி மறைக்க எதுவும் இல்லை, உங்கள் மருத்துவமனையை விட்டுப் போகவும் இல்லை. உங்களுக்கு வேண்டிய பதில்கள் என்னிடம் இருப்பதைவிட அவர்களிடம் அதிகம் இருக்கும். அவர்கள் திரும்பியதைத் தோல்வி என்று யாரும் பேச விடாதீர்கள். மரியாதையோடு திரும்பி வர ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான், அடுத்தவர் தைரியமாக இன்சார்ஜ் பொறுப்பை ஏற்பார்.

நிர்வாகம் செலவு என்று தடுத்தால், இப்போது ஆகும் செலவைக் கணக்கிட்டுக் காட்டுங்கள். இன்சார்ஜ் போனால் அவரை நம்பி இருந்த செவிலியர்களில் சிலரும் போவார்கள். புதியவர்களை எடுப்பது, பயிற்சி கொடுப்பது, இடைக்கால ஆட்களுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம், எல்லாவற்றையும் கூட்டுங்கள். பணத்தைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. 2002ல் லிண்டா ஏய்க்கன் குழு பென்சில்வேனியா மருத்துவமனைகளின் அறுவைச் சிகிச்சை நோயாளிகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது, 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. செவிலியருக்குப் பணிச்சோர்வு வரும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. செவிலியர்கள் குறைந்தால் மிச்சமிருப்பவர் தலையில் நோயாளிகள் கூடுகிறார்கள். அப்படியானால் இன்சார்ஜைத் தக்கவைப்பது நோயாளிப் பாதுகாப்புக்கான செலவு. அந்தத் தலைப்பில்தான் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.

கடைசியாக, கடிதம் கொடுத்திருக்கும் அறுவைச் சிகிச்சை வார்டு இன்சார்ஜ். நிறுத்த முடியுமா என்று கேட்டீர்கள். முடியலாம், முடியாமலும் போகலாம். எடுத்த எடுப்பில் சம்பளம் கூட்டித் தருகிறேன் என்று சொல்லாதீர்கள். இத்தனை நாள் இது முடியும் என்று தெரிந்தும் தரவில்லை என்றுதான் அவருக்குக் கேட்கும். வார்டுக்கு வெளியே, போன் அடிக்காத இடத்தில், ஒரு மணி நேரம் ஒதுக்கி உட்காருங்கள். உங்களை மாற்றுவதற்காகக் கூப்பிடவில்லை, என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லுங்கள். அதை மனதார நினைத்தும் சொல்லுங்கள். இந்த வேலையில் எந்தப் பகுதியை விட மனமில்லை என்று கேளுங்கள். புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என்றோ, வார்டைச் சீர்செய்தது என்றோ அவர் சொன்னால், அந்தப் பகுதி பெரிதாகவும் மற்றவை சிறிதாகவும் இருக்கும்படி ஒரு வேலையை அமைக்க முடியுமா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். வேலை நேரம் குறைவாக வேண்டும் என்றால், இரண்டு பேர் பகிர்ந்து செய்யும் இன்சார்ஜ் பொறுப்பைப் பற்றியும் யோசிக்கலாம், சில இடங்களில் அப்படி நடக்கிறது. உங்களால் உறுதியாகச் செய்யக்கூடியதை மட்டும் சொல்லுங்கள். நிர்வாகத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்பதை, செய்துவிடுவேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

அப்போதும் போகிறேன் என்றால், மனநிறைவோடு அனுப்புங்கள். கதவு திறந்திருக்கிறது என்று சொல்லுங்கள், சில மாதம் கழித்து நீங்களே ஒரு போன் செய்து நலம் விசாரியுங்கள்.

அவர் போன பிறகு அந்த வார்டை என்ன செய்வீர்கள் என்பதுதான் எனக்கு அதைவிடக் கவலை. வழக்கமாக நடப்பது இதுதான்: பக்கத்து வார்டு இன்சார்ஜை அழைத்து, "புது ஆள் வரும்வரை இதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கூடுதல் பொறுப்பைக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் 'கொஞ்சம்' ஆறு மாதம் ஆகும். மறுப்புச் சொல்லத் தெரியாத, நம்பகமான, இருப்பவர்களிலேயே சிறந்த ஒருவரிடம்தான் அதைக் கொடுப்பார்கள். அடுத்த கடிதம் அவரிடமிருந்து வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதே வார்டின் மூத்த செவிலியர் ஒருவரை இடைக்காலப் பொறுப்பில் வையுங்கள். அந்த நாட்களுக்கான படியோடு, நோயாளிப் பங்கு இல்லாமல், எந்தத் தேதியில் முடியும் என்று எழுத்தில் கொடுத்து வையுங்கள். பட்ஜெட், விசாரணை, புகார் ஆகிய மூன்றையும் அதுவரை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி வந்ததும், புது ஆள் வந்திருந்தாலும் வராவிட்டாலும், அவரை விடுவித்துவிடுங்கள். தொடர விரும்புகிறீர்களா என்று அப்போது கேட்கலாம்.